டைட்டானிக் இருக்கா அங்கிள்?

போன வாரம் ஸ்டாம்ப் கண்காட்சியில் என் ஆல்பத்தைப் புரட்டிய ஓர் அப்பா கேட்டதும் எல்லாரும் கேட்பதைத்தான். "இதை வித்தா எவ்வளவு சார் வரும்?" கூட நின்ற பையன் அதைவிட மோசம். "டைட்டானிக் இருக்கா அங்கிள்?"

நான் சேர்ப்பது கப்பல் தபால் உறைகள். நடுக்கடலில் எழுதிப் போடும் கடிதத்தில் கப்பல் எந்த நாட்டுக் கொடியோ அந்த நாட்டு ஸ்டாம்ப் ஒட்டலாம். முத்திரை குத்துவது அடுத்த துறைமுகம். பிரிட்டிஷ் ராஜா தலைமேல் பினாங்கு முத்திரை, பக்கத்தில் கப்பல் தபால் என்பதற்கு அடையாளமாக 'பாக்போ' என்று இன்னொன்று. பார்த்தால் எனக்கு இன்றைக்கும் சாப்பாடு இறங்காது. அந்த அப்பாவுக்கு நன்றாகவே இறங்கும்போலிருக்கிறது.

எங்கள் சங்கத்தில் இப்போது ஒரே பேச்சு, புதியவர்களை எப்படி இழுப்பது என்பதுதான். என்னிடம் அருமையான யோசனை ஒன்று இருக்கிறது. அதற்குமுன் இந்த டைட்டானிக்கை முடித்துவிடுகிறேன்.

1912இல் மூழ்கிய அந்தக் கப்பல் தபாலும் கொண்டுபோன கப்பல். உள்ளே தபால் ஆபீஸ், 3,000க்கும் மேல் தபால் மூட்டைகள், ஐந்து ஊழியர்கள். தண்ணீர் ஏற ஏற, பதிவுத் தபால் மூட்டைகளை மேல்தளத்துக்கு இழுத்தவர்கள் அவர்கள். ஐந்து பேரும் பிழைக்கவில்லை. இதை எந்தப் பையனாவது கேட்டானா? 1997இல் வந்த டைட்டானிக் படத்தைப் பார்த்துவிட்டு, கதாநாயகி மிதந்த பலகையில் இரண்டு பேருக்கு இடம் இருந்ததா என்று இன்றுவரை அடித்துக்கொள்கிறார்கள். கதாநாயகன் உட்கார்ந்து படம் வரைந்தானே ஒழிய, ஊருக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டானா? சரி, விடுங்கள். ஒழுங்காகக் கரைசேர்ந்த கப்பலை யாராவது சீந்துகிறார்களா? 1926இல் கட்டிய ரஜுலா, சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு ஓடியது. எத்தனையோ தாத்தாக்களை வாந்தி எடுக்கவைத்தாவது பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. மூழ்காத குற்றத்துக்கு, 1970களில் பழைய இரும்பாக உடைத்தார்கள். படமும் இல்லை, ஒரு டூயட்டும் இல்லை.

புதியவர்கள் வராமலும் இல்லை. கல்லூரிப் பெண் ஒருத்தி நிஜமான ஆர்வத்தோடு சங்கத்துக்கு வந்தாள். நாற்காலியை இழுப்பதற்குள் நான்கு கிழக்குரல்கள்: "கையால தொடாதேம்மா, டுவீசர் எடு!" அப்புறம் வாட்டர்மார்க் பற்றி ஒரு சொற்பொழிவு. டீ வருவதற்குள் அவளைக் காணோம். "இன்றைய இளைஞர்களுக்கு ஆர்வமில்லை" என்று மினிட்ஸில் எழுதிக்கொண்டோம்.

உள்ளதைச் சொன்னால், யாரும் வராததில் எங்களுக்கு வருத்தமும் இல்லை. வந்தால் ஏலத்தில் எனக்கு எதிராகக் கை தூக்குவார்கள். ஆனால் வராவிட்டால் எனக்குப் பிறகு இதையெல்லாம் யார் வாங்குவது? என் மனைவி பழைய பேப்பர்காரரிடம் கிலோ என்ன விலை என்று இப்போதே கேட்டுவைத்திருக்கிறாள்.

யோசனையைச் சொல்ல இடம் இல்லை. ஒன்று மட்டும்: பரணில் மலாயாவிலிருந்தோ பர்மாவிலிருந்தோ வந்த பழைய கடிதங்கள் இருந்தால், தயவுசெய்து ஸ்டாம்பை மட்டும் கத்தரிக்காதீர்கள், தண்ணீரில் ஊறவைத்தும் உரிக்காதீர்கள். உறையோடு அப்படியே வையுங்கள். எந்தத் துறைமுகம், என்ன தேதி என்பதெல்லாம் அந்த முத்திரையில்தான் இருக்கிறது.