திருடன் ஒருவனா, பலரா? ஆங்கில மரபுத்தொடர் வழிகாட்டிகளில் ஒரு பாத்திர ஆய்வு

வட இந்தியாவில் அரசு வேலைக்குத் தேர்வு எழுதும் இளைஞரின் தலையணைக்கு அடியில் ஒரு நூல் இருக்கும். பக்கத்துக்கு மூன்று பத்திகள். முதல் பத்தியில் ஆங்கில மரபுத்தொடர், இரண்டாவதில் அதன் ஹிந்திப் பொருள், மூன்றாவதில் ஒரு திருடன்.

ஆய்வேடுகள் எல்லாம் சொல்லித் தீரவேண்டிய வாக்கியத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இத்துறையில் இதுவரை போதிய ஆய்வு நிகழவில்லை. ஏன் நிகழவில்லை என்று யோசிப்பது ஆய்வாளன் வேலையல்ல.

முதலில் களம். தில்லியில் முகர்ஜி நகர், பிரயாக்ராஜில் கட்ரா. இரண்டு இடங்களிலும் தடுக்கி விழுந்தால் பயிற்சி மையத்தின் விளம்பரத் தட்டியில்தான் விழவேண்டும். ஸ்டாஃப் செலக்‌ஷன் கமிஷனின் பட்டதாரி நிலைத் தேர்வு, முதல் கட்டத்தில் ஆங்கிலத்துக்கு 25 வினாக்கள். சரியான விடைக்கு 2 மதிப்பெண், தவறினால் 0.50 கழியும். 'டேக் டு ஒன்ஸ் ஹீல்ஸ்' என்பதற்கு நான்கு விடைகள் தருவார்கள். திருடன் ஓடினால் 2 கூடும். குதிகாலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் அரை போகும். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது: அந்த நான்கு விடைகளும் ஆங்கிலத்திலேயே இருக்கும். மாணவர் ஆங்கிலத் தொடரிலிருந்து ஹிந்திக்கு இறங்கி, பொருளை அள்ளிக்கொண்டு, மறுபடி ஆங்கிலத்துக்கு ஏறவேண்டும். வேலை முழுவதும் ஹிந்தி செய்கிறது. விடைத்தாளில் அதற்குப் பெயரில்லை.

அடுத்து மூலபாடம். நாம் பயன்படுத்திய பிரதி தில்லி தரியாகஞ்ச் ஞாயிற்றுக்கிழமைப் புத்தகச் சந்தையிலிருந்து வந்தது. அச்சந்தை 2019இல் நடைபாதையை விட்டு மகிளா ஹாட்டுக்கு இடம்பெயர்ந்தது; நம் பிரதி அதற்கு முந்தியதா பிந்தியதா என்பது குறித்து நாற்பது பக்கம் எழுதத் தயாராயிருந்தோம், இதழாசிரியர் மறுத்துவிட்டார். முன்னட்டை இல்லை, பதிப்பாண்டு இல்லை, நூலாசிரியர் பெயர் இல்லை. ஆகவே தொன்மையானது என்று கொள்ளலாம். ஓரங்களில் மூவர் உரை எழுதியிருக்கிறார்கள். பெயர் தெரியாமையால் எழுதுகருவியைக் கொண்டு பென்சிலார், நீலப் பேனாவார், மஞ்சள் மையார் என்று சுட்டுகிறோம். மூன்றாமவர் ஒரு சொல்லும் எழுதவில்லை. எல்லா வரிகளையும் மஞ்சளாக்கியிருக்கிறார். நூலில் முக்கியமல்லாதது எதுவுமில்லை என்பது அவர் கொள்கை.

வரலாறு கொஞ்சம். ஒரு காலத்தில் இந்தப் பாடம் தலைகீழாக நடந்தது. இந்தியாவுக்கு வந்த வெள்ளை அதிகாரிகள் இந்துஸ்தானியில் தேர்வு எழுதினார்கள். முன்ஷி வைத்துக்கொண்டு மரபுத்தொடரும் பழமொழியும் மனப்பாடம் செய்தார்கள். பிகாரில் பள்ளி ஆய்வாளராக இருந்த ஃபாலன் 1879இல் வெளியிட்ட இந்துஸ்தானி–ஆங்கில அகராதியில், நாட்டுப்பாடல்களிலிருந்தும் பெண்களின் பேச்சிலிருந்தும் எடுத்துக்காட்டுகளை அள்ளிப் போட்டார். அவர் தொகுத்த பழமொழிகள், அவர் இறந்தபின் 1886இல் நூலாயின. அதாவது, அன்று துரைகளுக்குக் கிடைத்தது வயற்காட்டுப் பாட்டு. இன்று முகர்ஜி நகருக்குக் கிடைப்பது திருடன். இதிலிருந்து எந்த முடிவுக்கும் வரவேண்டாம் என்று நெறியாளர் சொன்னதால் வரவில்லை.

இனி பகுப்பு.

மரணத் தொடர்கள்: 'கிக் த பக்கெட்' முதலானவை. இத்தொடர் 1785இல் கேப்டன் கிரோஸ் தொகுத்த கொச்சைமொழி அகராதியிலேயே இருக்கிறது. எடுத்துக்காட்டில் வாளியை உதைப்பவர் எப்போதும் ஒரு கிழவர், அவருக்கு உறவினர் கிடையாது.

வெற்றித் தொடர்கள்: தேர்ச்சி பெறுபவன் ராம். நள்ளிரவு எண்ணெய் எரிப்பவன் மோகன். எண்ணெய்ச் செலவை யார் கொடுத்தார்கள் என்பதற்குச் சான்றில்லை.

உணவுத் தொடர்கள்: பசி நேரத்தில் ஆராயத்தக்கவை அல்ல. ஹிந்திக்காரர் ஆகாயத்தில் கோட்டை கட்டுவதோடு நிற்பதில்லை, 'கயாலி புலாவ்' என்று கற்பனைப் புலாவும் சமைக்கிறார் என்பதை மட்டும் குறித்து நகர்கிறோம்.

புவியியல் தொடர்கள்: நியூகாசிலுக்கு நிலக்கரி கொண்டுபோவது. ஹிந்திப் பத்தியில் 'உல்டே பான்ஸ் பரேலி கோ' என்றிருக்கும்; மூங்கிலுக்குப் பேர்போன பரேலிக்கே மூங்கில் ஏற்றுவது. பரேலிவாசியான மாணவர் ஒருவர் இதைப் படிக்கிறார் என்று வையுங்கள். தன் ஊர் மூங்கிலைத் தாண்டி, பார்த்தேயிராத ஊரின் கரியை அவர் நினைவில் ஏற்றிக்கொள்ள வேண்டும். கரிக்குத்தான் 2 மதிப்பெண்.

வானிலைத் தொடர்கள்: பூனையும் நாயுமாகப் பெய்யும் மழை. ஹிந்தியில் 'மூஸ்லாதார்', உலக்கை பருமனில் தாரை. இது பெய்யும்போதெல்லாம் எடுத்துக்காட்டுப் பையன் பள்ளிக்குப் போகமாட்டான். இந்த ஆங்கிலத் தொடரை 1738இல் ஜோனாதன் ஸ்விஃப்ட் தம் உரையாடல் நூலில் சேர்த்தார். கனவான்கள் வாயில் புளித்துப்போன பேச்சையெல்லாம் கேலி செய்வதற்காகத் தொகுத்த நூல் அது. ஏறக்குறைய முந்நூறு ஆண்டுக்கு முன்பே நையாண்டிக்கு ஆளான ஒரு தொடரை, சிரிக்காமல் ஒப்பிக்கக் கட்ராவில் கட்டணம் கட்டிப் படிக்கிறார்கள். கேலியைப் பாடமாக வைப்பதில் நம் பல்கலைக்கழகங்களுக்கும் நல்ல பயிற்சி உண்டு.

இவற்றை இத்துடன் விட்டு, திருடனிடம் வருவோம்.

'டேக் டு ஒன்ஸ் ஹீல்ஸ்' தொடருக்கு எடுத்துக்காட்டு: 'போலீஸைக் கண்டதும் திருடன் ஓட்டமெடுத்தான்.' இந்த வாக்கியம் இல்லாத வழிகாட்டி நம் பார்வைக்குக் கிட்டவில்லை. ஹிந்திப் பத்தி 'நௌ தோ கியாரஹ் ஹோனா' என்கிறது. ஒன்பதும் இரண்டும் பதினொன்று ஆகிவிட்டான். தமிழில் என்றால் கம்பி நீட்டியிருப்பான். இக்கூட்டலுக்குப் பென்சிலார் தரும் விளக்கம் ஆழமானது: திருடர் ஒன்பது பேர், போலீஸார் இருவர், ஓடியவர்கள் பதினொருவரும் (பென்சிலார், இடது ஓரம்). நீலப் பேனாவார் இதை மறுக்கிறார்: திருடன் ஒருவனே, மற்ற பத்துப் பேர் வேடிக்கை பார்த்தவர்கள் (நீலப் பேனாவார், அதே பக்கம், தேநீர்க் கோப்பை வட்டத்துக்கு உள்ளே). இம்மறுப்புக்குப் பென்சிலார் எழுதிய மறுப்பு, பின்னட்டையின் உட்புறத்தில், மெஸ் பாக்கிக் கணக்குக்குக் கீழே, நூலைத் தலைகீழாகப் பிடித்தால் மேலே, சமோசா எண்ணெய் ஊறி அடுத்த தாளிலும் இடவலம் மாறித் தெரியும் பகுதியில் உள்ளது. அதைக் கண்ணாடியில் காட்டி வாசித்தோம். 'போடா' என்று இருக்கிறது. எழுதியிருக்கும் சொல் ஹிந்தி, தமிழாக்கம் மட்டும் நம்முடையது. மஞ்சள் மையார் மூன்று கருத்தையும் மஞ்சளாக்கியிருக்கிறார்.

திருடன் எங்கிருந்து வந்தான்? இந்திய மாணவரை மிரட்டும் 'ரென் அண்ட் மார்ட்டின்' இலக்கண நூலின் முதலாமவர் பி. சி. ரென், பம்பாய் மாகாணக் கல்வித்துறையில் பணியாற்றியவர். அவரே 1924இல் 'போ ஜெஸ்ட்' என்ற நாவலை எழுதியவர். நாவலின் கதை? ஒரு மாளிகையில் விலையுயர்ந்த நீலக்கல் காணாமற்போகிறது. சகோதரர் மூவர் ஒருவர் பின் ஒருவராக ஊரை விட்டு ஓடி, பிரெஞ்சு அயல்நாட்டவர் படையில் சேர்கிறார்கள். திருட்டு, ஓட்டம், பலர் என்ற ஐயம் மூன்றும் ஓரிடத்தில்! தற்செயல் என்று சிலர் சொல்லக்கூடும். தற்செயல் என்று ஒப்புக்கொண்டால் ஆய்வுத் துறைகளில் பாதியைப் பூட்டவேண்டி வரும்.

நம் முதன்மைக் கண்டுபிடிப்பு இனிதான். இந்நூலை அகராதி என்று எண்ணுவது பிழை. அகரவரிசையில் அமைந்த ஒரு தொடர்நிலைக் காப்பியம் அது. வரிசை மாறாமல் வாசித்தால் திருடனின் வாழ்க்கை தெளிவாகிறது. ஏ எழுத்தில் அவன் 'அட் லார்ஜ்', அகப்படாமல் திரிகிறான். பி எழுத்தில் 'பை ஹூக் ஆர் பை க்ரூக்', நேர்வழியோ குறுக்குவழியோ எதையாவது செய்கிறான். சி எழுத்தில் 'காட் ரெட்-ஹேண்டட்', கையும் களவுமாகப் பிடிபடுகிறான். ஹிந்தியில் 'ரங்கே ஹாத்', சாயம் பட்ட கையோடு. அப்புறம் நெடுநேரம் அவனைக் காணோம். அந்த இடைவெளியில் ராம் தேர்ச்சி பெறுகிறான், கிழவர் வாளியை உதைக்கிறார், மழை பெய்கிறது. வழக்கு நடந்துகொண்டிருந்தது என்று கொள்வதே இந்தியச் சூழலுக்குப் பொருந்தும். எஸ் எழுத்தில் 'ஸ்காட்-ஃப்ரீ', தண்டனையின்றி வெளியே வருகிறான். விடுதலையானவன் டி எழுத்தில் ஏன் போலீஸைக் கண்டு ஓடவேண்டும்? பழக்கம். ஓடி முடித்ததும் அதே எழுத்தில் 'டர்ன் ஓவர் எ நியூ லீஃப்', திருந்திவிடுகிறான். உடனே அடுத்த வரியில் 'டர்ன் டர்டில்', ஒரு லாரி கவிழ்கிறது.

டபிள்யூவில் போலீஸார் 'வைல்ட் கூஸ் சேஸ்' என்று வீணாய் அலைகிறார்கள். நாலு வரி தள்ளி 'உல்ஃப் இன் ஷீப்ஸ் க்ளோதிங்', ஆட்டுத்தோல் போர்த்திய ஓநாய். ஆக, அவன் திருந்தவில்லை. நூலின் கடைசித் தொடர்களில் ஒன்று ஒய் எழுத்துக்குரிய 'யோமன்ஸ் சர்வீஸ்', அரிய தொண்டு. எடுத்துக்காட்டு: 'அவர் நாட்டுக்கு அரிய தொண்டாற்றினார்.' அதுவரை 'அவன்' ஆக இருந்தவர் 'அவர்' ஆனது ஹிந்திப் பத்தியில் மட்டுமே தெரியும். ஆங்கிலத்துக்கு அந்த வசதி இல்லை. எந்தத் தொகுதியில் நின்றார் என்பது பிரதியில் கிழிந்திருக்கிறது.

திருடன் ஒருவனே என்பது இதனால் பெறப்படும். பெரும்புலவர்கள் ஒப்பமாட்டார்கள். ஏ எழுத்துத் திருடனுக்கும் டி எழுத்துத் திருடனுக்கும் நடை வேறு, காலம் வேறு. குறைந்தது மூவர் இருந்திருக்க வேண்டும், அவர்களில் ஒருவன் இடைச்செருகல் என்பார்கள். ஔவையார் எத்தனை பேர் என்ற கேள்வியில் எத்தனையோ பேர் முனைவர் ஆன நாட்டில், திருடனை ஒருவனோடு நிறுத்திவிட்டால் அடுத்த தலைமுறை ஆய்வாளர் எதைச் சாப்பிடுவார்? ஆகவே, அறிஞர் நலன் கருதி, திருடர் ஒருவர் முதல் ஒன்பதின்மர் வரை என்று நெகிழ்வாக வைத்துக்கொள்கிறோம். மேல் எல்லை பென்சிலாருடையது.

எஞ்சியிருப்பது கவிழ்ந்த லாரி. ஆங்கிலத்தில் ஆமையாகிக் கவிழும் அது, ஹிந்திப் பத்தியில் வெறுமனே 'உலட் ஜானா' என்று கவிழ்கிறது. ஓட்டுநர் பெயர் எந்தப் பதிப்பிலும் இல்லை. ஏற்றிய சரக்கும் குறிக்கப்படவில்லை. பரேலிக்குப் போன மூங்கிலாக இருக்கலாம் என்பது நம் கருதுகோள். அதை முனைவர் பட்டத்துக்குப் பதிவுசெய்தாகிவிட்டது. வேறு யாரும் அந்தத் தலைப்பைத் தொடவேண்டாம்.