தாமானுக்கு ஒரு தோட்டத்து அண்ணன்

ஈப்போவில் எந்தத் தாமானில் வீடு வாங்கினாலும் இரண்டு விஷயம் இலவசம்: தூரத்தில் ஒரு சுண்ணாம்பு மலை, தெருவில் ஒரு தோட்டத்து அண்ணன். மலை சும்மா நிற்கும். அண்ணன் நிற்க மாட்டார்.

வயது அறுபதைத் தாண்டியிருக்கும். சுங்கை சிப்புட் பக்கமோ பத்துகாஜா பக்கமோ ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். ரப்பர் செம்பனையாகி, செம்பனை வீடமைப்புத் திட்டமாகி, லயத்துச் சனம் திசைக்கொருவராய்ப் போன பிறகும் இவருக்கு மட்டும் இன்னும் பிரட்டு முடியவில்லை. விடிந்ததும் மோட்டாரில் தெருத் தெருவாக ஒரு சுற்று. யார் வீட்டில் விளக்கு எரியவில்லை, யார் வாசலில் நேற்றைய பேப்பர் கிடக்கிறது, எந்தத் தாத்தா இன்றைக்கு இருமலை மாற்றி இருமுகிறார்? கங்காணிகூட இவ்வளவு கணக்கெடுத்திருக்க மாட்டார்.

நாம் இதை வம்பு என்போம். அவருக்கு இது பழக்க தோஷம். லயத்தில் தடுப்புச் சுவர் கூரையைத் தொடாது. முதல் வீட்டில் குழந்தை அழுதால் ஐந்தாம் வீட்டில் ஓமத்தண்ணி கொதிக்கும். தாமானில் சுவர் உண்டு, கிரில் கதவு உண்டு, நாயும் உண்டு. அன்று காதுக்குத் தானாக வந்த சேதியை இன்று பெட்ரோல் செலவழித்துத் தேட வேண்டியிருக்கிறது.

நம் அன்பு சிக்கனமானது. காலையில் புலனக் குழுவில் ஒரு ரோஜாப்பூ; அதோடு கடமை முடிந்தது. அண்ணனுக்கு ரோஜாப்பூ அனுப்பத் தெரியாது. "காய்ச்சல்னு குழுவுல போட்டியாமே, கதவத் தொற" என்று கஞ்சியோடு வந்து நிற்பார்.

பெரியாஸ்பத்திரிக்கு நாம் மைலோ டின்னோடு போவோம். நோயாளிக்கு இனிப்புநீர் என்பது டின்னை மேசையில் வைத்த பிறகுதான் ஞாபகம் வரும். அண்ணன் கையில் ஒரு ஜோடி ஜப்பான் சிலிப்பர், நீள வயர் போட்ட போன் சார்ஜர், ஒரு பொட்டலம் இட்லி. கட்டிலில் கிடப்பவருக்கு ஒரு தலையாட்டல். நேரே, ராத்திரியெல்லாம் நாற்காலியில் விழித்திருந்த மனைவியிடம் போவார்.

"சாப்பிட்டியா தங்கச்சி?"

"பசிக்கலண்ணே."

"நான் இங்க உக்காந்துக்கறேன். மொகத்தக் கழுவிட்டுச் சாப்பிட்டு வா. சாம்பார் வாங்கல, சட்னிதான். சாம்பார் ஒனக்கு நெஞ்சு எரியும்."

மனைவிக்கு நெஞ்செரிச்சல் உண்டு என்பது கட்டிலில் இருந்தவருக்கே அப்போதுதான் தெரியும்.

புந்தோங்குக்குப் போனால் கச்சாங் பூத்தே வாங்காமல் திரும்ப மாட்டார். இளவட்டங்களுக்கு முறுக்கு, பல்செட் கட்டிய ஓய்வுபெற்ற வாத்தியாருக்கு மட்டும் தனியாக ஓமப்பொடி.

யாருக்காவது கஷ்டமென்றால் ஆளுக்குப் பத்து வெள்ளி என்று வசூலுக்கு வருவார். முணுமுணுத்தால் சரித்திரப் பாடம் நடக்கும். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டப் பாட்டாளிகளிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்தே தோட்டங்களை வாங்கிக் காட்டினார். "அவங்க தோட்டமே வாங்குனாங்க. நான் ஒரு புள்ளைக்குச் சப்பாத்து வாங்கத்தான் கேக்கறேன்!"

அந்தப் பிள்ளையிடம் கால் அளவைக் கேட்டிருக்க மாட்டார். கோயில் வாசலில் அவன் கழற்றிப் போட்ட செருப்பைத் தனக்குரியது போலப் புரட்டி, அடியில் இருந்த எண்ணைப் பார்த்து வைத்திருப்பார்.

இப்படிப்பட்டவருக்குத் தெரியாத ஒரே வித்தை, அடுத்தவர் உதவியை வாங்கிக்கொள்வது. போன வருஷம் முட்டி அறுவைக்கு, "பினாங்குல மக வீட்டுக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். சேதி எப்படியோ கசிந்தது. வீடு திரும்பியதும் தெருவே திரண்டு போனது. ஆளுக்கொரு மைலோ டின்.

அண்ணன் காலை நீட்டியபடியே பிரட்டு நடத்தினார். இது ராத்திரி டூட்டி பார்க்கும் நர்சுக்கு, அது பாலர் பள்ளிக்கு, அந்தப் பெரியது ஆறு பிள்ளை வீட்டுக்கு. மூலை வீட்டுக் குத்தகையாளர் கொடுத்ததை மட்டும், "தம்பி, ஒன்னோடத நானே வச்சிக்கறேன்" என்று தலைமாட்டில் வைத்தார். குத்தகையாளருக்குப் பெருமை பிடிபடவில்லை. எல்லாரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு விடைபெற்றார்.

டின்னை எடுத்துத் திருப்பினேன். காலாவதியாகி மூன்று மாதம்.

"வாசல் தொட்டியில போட்டுராதே," என்றார் அண்ணன். "நாளைக்கு அவன் அந்தப் பக்கமாத்தான் நடக்கப் போவான்."