பாவாடை என்னும் ஆண்பாற் பெயர்: பொருள், பிறப்பு, பரவல் குறித்த சில ஆய்வுக் குறிப்புகள்

சங்கப் புலவர் பெயர்களை ஆராய ஆள் இருக்கிறது. சோழ அரசர்களின் பட்டப்பெயர்களை ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கியவர்களும் இருக்கிறார்கள். பாவாடை என்ற ஆண்பிள்ளைப் பெயரைச் சிரிக்காமல் ஆராயத்தான் ஆள் கிடைப்பதில்லை. அக்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். சிரிக்க வேண்டியவர்கள் இந்தப் பத்தியிலேயே சிரித்து முடித்துவிட வேண்டுகிறேன். அடுத்த பத்தியிலிருந்து ஆய்வு தொடங்குகிறது.

முதலில் ஆய்வெல்லை. பழைய தென்னார்க்காடு, வடார்க்காடு மாவட்டங்களும் புதுச்சேரியும் இப்பெயரின் தாய்நிலம். பாவாடை, பாவாடைசாமி, பாவாடைராயன் என்று மூன்று வடிவங்களில் இது வழங்குகிறது. எழுத்தில் எப்படியிருந்தாலும் பேச்சில் எல்லாம் ஒன்றுதான்: பாவாட மாமா, பாவாட அண்ணன், கோபம் வந்தால் வெறும் ‘டேய் பாவாட’. மதுரைக்குத் தெற்கே போய் ‘பாவாடை எங்கே?’ என்று கேட்டால், ‘யாருடையது?’ என்பார்கள். செஞ்சிப் பக்கம் கேட்டால், ‘எந்தப் பாவாடை? மேலத்தெருவா, கீழத்தெருவா?’ என்பார்கள். ஒரு பெயரின் பரவலை அளக்க இதைவிட நுட்பமான கருவி இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை.

பொருள் பற்றி இரண்டு கட்சிகள் உண்டு. பாவை உடுத்தும் ஆடை பாவாடை என்பது முதற்கட்சி. கேட்க இனிமையாக இருக்கிறது. பட்டிமன்றத்தில் கைதட்டலும் கிடைக்கும். ஆனால் பாவையும் ஆடையும் சேர்ந்தால் ‘பாவையாடை’ என்றுதானே வரவேண்டும்? நடுவிலிருந்த ‘ஐ’யை யார் எடுத்துப்போனது என்று இக்கட்சியாரைக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறார்கள். பாவு என்ற வினையிலிருந்து வந்தது என்பது இரண்டாம் கட்சி. பாவுதல் என்றால் பரப்புதல். நாற்றுப் பாவுகிறோம், தரைக்குக் கல் பாவுகிறோம், தறியில் நீளவாட்டில் ஓடும் நூலைப் பாவு என்கிறோம். ஆகவே பாவாடை என்பது விரித்த துணி. பெரியவர்கள் நடந்துவர வழியில் விரிப்பது நடைபாவாடை. யாழ்ப்பாணத்தில் ஊர்வலத்துக்கு முன்னால் விரித்துப் போவதற்கு நிலபாவாடை என்றே பெயர். கோயிலில் சாமிக்கு முன்னால் துணியைப் பரப்பி, அதன்மேல் சோற்றைக் குன்றாகக் குவித்துப் படைப்பதற்கும் பாவாடை என்றே பெயர். இன்று திரைப்பட விழாக்களில் விரிக்கும் செங்கம்பளத்தைச் ‘செம்பாவாடை’ என்று மொழிபெயர்த்திருந்தால் பிழையே இல்லை. நடிகர்கள்தான் நடக்க யோசித்திருப்பார்கள்.

இவ்வாறு தரையில் கிடந்தவரை இச்சொல்லுக்கு ஆண்பாலும் இல்லை, பெண்பாலும் இல்லை. இடுப்புக்கு ஏறி, நாடாவும் கோத்த பிறகுதான் பெண்பால் ஆனது. சொல் இடம் மாறிய செய்தி, அதைப் பெயராக வைத்துக்கொண்டிருந்த ஆண்களுக்கு முறைப்படி அறிவிக்கப்படவில்லை.

இனிப் பிறப்பு. விழுப்புரம் மாவட்டத்தில் செஞ்சிக்கு அருகே மேல்மலையனூர் என்றோர் ஊர். அங்காளம்மன் குடியிருக்கும் தலம். பிரமனின் தலையைக் கிள்ளிய பாவத்தால் கையில் ஒட்டிக்கொண்ட கபாலத்தோடு அலைந்த சிவனுக்கு இங்கேதான் விடுதலை கிடைத்தது என்பது தலக்கதை. ஒவ்வோர் அமாவாசை இரவிலும் ஊஞ்சல் உற்சவம்; விடியவிடியப் பேருந்துகள் வந்தவண்ணம் இருக்கும். மாசியில் மயானக் கொள்ளை. பம்பை அதிர, வேப்பிலையோடு சாமியாடிகள் சுடுகாட்டுக்குப் போவார்கள். கொழுக்கட்டையும் சுண்டலும் காய்கறியும் சூறைவிடப்படும். இத்தனைக்கும் நடுவே அம்மனுக்குக் காவலாக இருப்பவர் பாவாடைராயன். நள்ளிரவில், சுடுகாட்டுச் சாம்பலுக்கு மத்தியில் நின்றுகொண்டு, இந்தப் பெயரைக் கேட்டு எவரும் சிரித்ததாகச் சான்றில்லை. அங்காளம்மனுக்கு வேண்டிக்கொண்டு பிள்ளை பெற்றவர்கள், பெண்ணானால் அங்காளம்மாள் என்றும் ஆணானால் பாவாடை என்றும் வைத்தார்கள். அதாவது, ஒரு காவல் தெய்வத்தின் பெயரைத் தாங்கியவனைப் பார்த்துத்தான் ஆறாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு விழுந்து விழுந்து சிரிக்கிறது. காவல் தெய்வங்களுக்குப் பொறுமை குறைவு என்பதைக் கிராமத்தார் அறிவர். நகரத்துப் பிள்ளைகளுக்கும் யாராவது சொல்லிவைப்பது நல்லது.

ஆடையைப் பெயராக வைப்பது கேலிக்குரியது என்று ஒருவர் வாதிடலாம். அவ்வாதம் நிற்காது. பீதாம்பரம் என்றால் மஞ்சள் ஆடை. எத்தனையோ பீதாம்பரங்கள் தலைமையாசிரியராக இருந்து கண்ணியமாக ஓய்வு பெற்றிருக்கிறார்கள். ஒருவரையும் யாரும் ‘சாயம் போகுமா?’ என்று கேட்டதில்லை. சீர்காழியில் சிவனே சட்டைநாதராக இருக்கிறார். அவர் பெயரைத் தாங்கிய சட்டநாதன்களுக்கு எங்கும் மரியாதைதான்; தமிழ்நாட்டின் முதல் பிற்படுத்தப்பட்டோர் ஆணையத்துக்கு, 1969-ல், தலைமை ஏற்றவரும் ஒரு சட்டநாதனே. சித்தர்களில் சட்டைமுனி உண்டு. பழனியில் கோவணத்தோடு நிற்பவனை நாம் விழுந்து கும்பிடுகிறோம். ஆக, சட்டைக்கு மதிப்பு, கோவணத்துக்குக் காவடி, பாவாடைக்கு மட்டும் சிரிப்பு. குற்றம் துணியில் இல்லை. அதைப் பெண்கள் கட்டுகிறார்கள் என்பதில்தான் இருக்கிறது. பெண்ணுக்குரியது ஆணின் பெயரில் ஒட்டினால் இழுக்கு என்று நினைக்கும் ஊர், மறுபக்கம் ராஜா என்று தொடங்கும் பெயர்களைப் பெண்களுக்கு வைத்துப் பெருமைப்படுகிறது. ராஜாத்தி, ராஜாமணி, ராஜாம்பாள். இதுபற்றி இவ்வாய்வாளனுக்குக் கடுமையான கருத்துகள் உண்டு. கட்டுரையின் எல்லை கருதி விழுங்கிவிடுகிறேன்.

சோதிட வழியில் பார்த்தாலும் இப்பெயருக்கு எந்தத் தடையும் இல்லை. உத்திர நட்சத்திரக்காரர்களுக்குரிய எழுத்துகளில் ‘பா’ உண்டு. ஆனால் உத்திரத்தில் பிறந்த ஆண் குழந்தைக்குப் பெயர் தேடுவோரிடம் நீட்டப்படும் பட்டியல்களில் பார்கவ் இருக்கிறான், பாவேஷ் இருக்கிறான், பாவாடை இல்லை. எண்கணிதத்திலும் இதே அநீதி. ஆங்கிலத்தில் ஏழெழுத்தாக எழுதினால் கூட்டுத்தொகை 22. ராகுவுக்குரிய நாலாம் எண், ஆகாது என்பார்கள். முதலிரண்டு ‘ஏ’க்களையும் இரட்டித்துவிட்டால் 24 வந்துவிடுகிறது. இரண்டும் நாலும் ஆறு. ஆறாம் எண் சுக்கிரனுடையது. ஆடை அணிகலன்களுக்கு அதிபதி யார்? சுக்கிரன். இந்த அளவுக்குப் பொருத்தம் அமைந்த பெயர் வேறொன்று எனக்குக் கிடைக்கவில்லை. சோதிடர்கள்தான் முன்வரவில்லை.

இப்பெயர் அருகிப்போனதற்குக் காரணம் வருகைப்பதிவேடு. வீட்டிலும் வயலிலும் இயல்பாக இருந்த பெயர், வெளியூர் ஆசிரியர் ஒருவர் வகுப்பில் உரக்கப் படித்த காலையில் முதன்முறையாகக் கூசியது. பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்குப் பெயர் எழுதும் வேளையில் பல பாவாடைகள் பாலாஜியானார்கள். தவறவிட்டவர்கள் பின்னாளில் பணம் கட்டி, அரசிதழில் அறிவிப்புக் கொடுத்து மாறினார்கள். மாறாமல் நின்றவர்கள் தம் பிள்ளைகளுக்கு விக்னேஷ் என்றும் தினேஷ் என்றும் வைத்தார்கள். பாவாடை ஒற்றை எழுத்தாகச் சுருங்கி முன்னால் போய் உட்கார்ந்துகொண்டது. பா. விக்னேஷ் என்றால் பாஸ்கரனாகவும் இருக்கலாம், பாலகிருஷ்ணனாகவும் இருக்கலாம். தமிழன் கண்டெடுத்த தலைப்பெழுத்து முறையின் உள்ளார்ந்த கருணை இதுதான்.

கடல் கடந்த பாவாடைகளுக்கு இந்தத் தொல்லையே இல்லை. 1834 முதல் மொரீஷியஸ் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறியவர்களின் பெயர்களை எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டார்கள். ஒருவரின் பெயர் அப்படியே பரம்பரையின் குடும்பப்பெயராக நின்றுவிட்டது. அங்கே ‘பாவடே’ என்பது குடும்பப்பெயர். ஆணும் பெண்ணும் பேதமின்றித் தாங்குகிறார்கள்.

அண்மைக் காலத்தில் இப்பெயருக்கு எதிர்பாராத மறுவாழ்வு ஒன்று தொடங்கியிருக்கிறது. கடவுச்சீட்டுக்குத் தலைப்பெழுத்து போதாது; விரித்து எழுதச் சொல்கிறார்கள். பா. விக்னேஷ் வேலைக்கு டெக்சாஸ் போனால், குடும்பப்பெயர்க் கட்டத்தில் அப்பா முழுசாக வந்து உட்கார்ந்துவிடுகிறார். அடையாள அட்டையில், மின்னஞ்சலில், வங்கிக் கடிதத்தில் எல்லாம் பாவாடை. வெள்ளைக்கார மேலாளர் கூட்டத்தில் எழுந்து, ‘மிஸ்டர் பாவாடை என்ன நினைக்கிறார்?’ என்று மரியாதையாகக் கேட்கிறார். எவரும் சிரிப்பதில்லை. அந்த அலுவலகத்தில் இன்னொரு தமிழர் சேரும்வரை இந்நிலை நீடிக்கும்.