சீதன வீடும் செவ்வாய்க்கிழமைக் குப்பையும்

எங்கள் பக்கம் கலியாணம் முடிந்தால் பெண் வீட்டைவிட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் வருவார். உடுப்புப் பெட்டியோடு வந்து, பெண்ணுக்கு வாப்பா கட்டிக்கொடுத்த வீட்டில் குடியேறுவார். கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று இலங்கையின் கிழக்குக் கடற்கரை நெடுக இதுதான் நடைமுறை. அயலிலுள்ள தமிழ்க் குடும்பங்களிலும் அதே வழக்கம். அக்கரைப்பற்றில் தங்கி ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே 2008 இல் இந்தக் கரையைப் பற்றி ஒரு கனத்த புத்தகமே வெளியிட்டார். தாய்வழிக் குடி, சீதன வீடு எல்லாம் அவர் ஆராய்ந்த விஷயங்கள். ஆனால் பொரித்த மீனின் நடுத்துண்டு ஏன் எப்போதும் மருமகனுக்கே போகிறது என்பதை ஒரு மருமகன்தான் எழுத வேண்டும்.

என் கணவர் மருதமுனைக்காரர், நெசவுக் குடும்பம். சாய்ந்தமருதில் எங்கள் வீட்டுக்கு வந்ததிலிருந்து அவர் ஒரு கோப்பையைக் கழுவி நான் பார்த்ததில்லை. உம்மா விடமாட்டார். உம்மா அவரோடு நேரே பேசுவதும் இல்லை. கதவுக்குப் பின்னால் நின்று, "மருமகனுக்கு இன்னும் கொஞ்சம் ஆணம் ஊத்தட்டா எண்டு கேளு புள்ள" என்பார். இரண்டடி தள்ளி உட்கார்ந்திருக்கும் மருமகன், "போதும் எண்டு சொல்லு" என்பார். நடுவில் நான் தபால்காரி.

இந்த மனிதரை ஜப்பானுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது பழைய கார். அங்கே காருக்கு ஷாக்கென் என்றொரு பரிசோதனை உண்டு. புதுக் காருக்கு மூன்றாம் வருடம், பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. செலவு கொஞ்சமல்ல. அதற்கு அழுவதைவிட விற்றுவிட்டு வேறொன்று எடுக்கலாம் என்று பலர் நினைப்பதால், ஒரு கோளாறுமில்லாத வாகனங்கள் யார்ட்டுக்கு வந்து, கப்பலேறி, கல்முனைச் சந்தியில் ஹோர்ன் அடிக்கின்றன. அங்கும் இடப்பக்க ஓட்டம் என்பது நமக்கு வாய்த்த அதிர்ஷ்டம். அப்படியொரு யார்ட்டில் அவருக்கு வேலை. 2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குக் கதவைத் திறந்தது. நின்றது கப்பல் மட்டும். "மச்சான், வேகன் ஆர் ஒண்டு என்ன போகும்?" என்று மருதமுனையிலிருந்து வரும் வாட்ஸ்அப் அழைப்பு ஒருநாளும் நிற்கவில்லை.

எங்களுக்கு வீடு கிடைத்தது கனகாவா மாகாணத்தில், ஸமா என்ற ஊரில். ஜப்பானிலுள்ள அமெரிக்கத் தரைப்படையின் தலைமையகம் அங்கேதான் இருக்கிறது. எங்கள் கட்டடத்தின் கீழ்வீட்டில் ஓர் அமெரிக்கச் சிப்பாயும் மனைவியும் குடியிருந்தார்கள். அவர்களுடைய தளபாடமெல்லாம் அரசாங்கச் செலவில் கப்பலில் வந்து இறங்கியது. முகாமுக்குள் டொலர் கொடுத்து அமெரிக்கச் சாமான் வாங்கும் கடை இருக்கிறது. காரின் இலக்கத் தகட்டில்கூட ஜப்பான் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் அவர்களுக்கு ஆங்கில 'வை'. எங்கள் பக்கத்தில் இருந்தது உம்மா சுற்றிக் கட்டித் தந்த கொச்சிக்காய்த்தூளும் மாசியும்.

மாசியைத் தூக்கிக்கொண்டு ஜப்பானுக்குப் போவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதுதான். அவர்களும் அதே சூரை இன மீனை அவித்து, புகையில் போட்டு, கட்டைபோல் காயவைக்கிறார்கள். கட்சுவோபுஷி என்று பெயர். அவர்கள் அதை மெல்லிசாகச் சீவி ரசம் இறக்குகிறார்கள், நாம் இடித்துச் சம்பல் போடுகிறோம். கடைத் தட்டில் அதைக் கண்ட அன்று என் கணவர் பக்கெட்டை மூக்கில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அசையாமல் நின்றார்.

சாப்பாட்டுக்காகத்தான் எழுத்தும் படித்தோம். அங்குள்ள பிள்ளைகள் மலை, ஆறு, சூரியன் என்று எழுத்துப் பழகுவார்கள். நாங்கள் இருவரும் முதலில் மனப்பாடம் பண்ணியது பன்றிக்குரிய எழுத்தை, அடுத்தது சாராயத்துக்குரியதை. பாண், பிஸ்கட், சோயா சோஸ் என்று ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்து அந்த இரண்டையும் தேடுவோம். வாழ்நாளில் தொடாத பொருட்களை இவ்வளவு அக்கறையாகத் தேடும் இரண்டு பேரைக் கடைக்காரர் வேறெங்கும் கண்டிருக்கமாட்டார். பிரேசிலிலிருந்து ஹலால் முத்திரையோடு உறைந்துவரும் கோழிதான் எங்களைக் காப்பாற்றியது.

குடியேறிய முதல் வாரம், பின்னேரம், தெருக்கம்பத்து ஒலிபெருக்கி திடீரென்று கரகரத்தது. ஊரில் பள்ளிவாசல் ஒலிபெருக்கி நேரங்கெட்ட நேரத்தில் கரகரத்தால் அது ஜனாஸா அறிவித்தல். கணவர் கையிலிருந்த தேத்தண்ணியை வைத்துவிட்டு, "இன்னா லில்லாஹி... ஆரு மவுத்து?" என்றார். பதிலுக்கு வந்தது சிறுபிள்ளைப் பாட்டின் மெட்டு. அனர்த்த எச்சரிக்கைக்காக வைத்த ஒலிபெருக்கி அது. வேலை செய்கிறதா என்று பார்க்கப் பின்னேரம் ஒரு மெட்டைப் போடுகிறார்கள், பிள்ளைகள் விளையாட்டை விட்டு வீடு திரும்பவும் அதுவே நேரம். சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 காலையில் எங்கள் கரையிலும் ஒன்று இப்படிக் கரகரத்திருந்தால் என்று இருவருக்கும் தோன்றியிருக்க வேண்டும். யாரும் வாய் திறக்கவில்லை.

இனி குப்பை. எங்கள் தெருவில் செவ்வாயும் வெள்ளியும் எரியும் குப்பை. பிளாஸ்டிக்குக்கு ஒரு நாள், தகரம் போத்தலுக்கு ஒரு நாள், கடதாசிக்கு ஒரு நாள். காலையிலேயே கொண்டுபோய், காகம் கிண்டாமலிருக்க விரித்திருக்கும் வலைக்கு அடியில் வைக்க வேண்டும். காகத்துக்கு இவ்வளவு ஏற்பாடா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் மாவட்டத்துப் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் யானைகள் பிளாஸ்டிக்கைத் தின்று செத்துக்கிடந்தது நினைவுக்கு வந்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை, எங்கள் பையும் கீழ்வீட்டுப் பையும் ஆளுக்கொரு ஒட்டுத்துண்டோடு அனாதையாகக் கிடந்தன. வலைக்குப் பக்கத்தில் அடுத்த வீட்டு மூதாட்டி நின்றார். சிப்பாய் சீருடையில் இருந்தார், கதவளவு உயரம். மூதாட்டி அவருடைய முழங்கைக்குத்தான் வருவார். அவர் சிப்பாயின் பையிலிருந்து மூடி கழற்றாத பிளாஸ்டிக் போத்தலொன்றை எடுத்துக் காட்டிவிட்டுக் குனிந்தார். எங்கள் பையிலிருந்து தேங்காய்ப்பால் தகரத்தை எடுத்துக் காட்டிவிட்டு, மறுபடி குனிந்தார். ஒரு கடுஞ்சொல் இல்லை. ஏசியிருந்தால் பதிலுக்கு ஏசலாம், குனிகிறவரை என்ன செய்வது? சிப்பாய் விறைத்து நின்று "யெஸ் மேடம்" என்றார். என் கணவரும் "யெஸ் மேடம்" என்றார்.

என் மூத்தாப்பா சப்பான்காரனின் பிளேன் கதையை அடிக்கடி சொல்வார். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக் கடலில் ஹெர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை மூழ்கடித்தன. அன்று குண்டு போட்ட நாடு, பிறகு அந்த நாட்டையே வென்ற நாடு, ஆர் வந்தால் நமக்கென்ன என்று வயலைப் பார்த்துக்கொண்டிருந்த நமது கரை, மூன்று தரப்பும் அன்று ஒரு காக வலைக்கு முன்னால் கூடியிருந்தன. யார் யாரிடம் சரணடைந்தார்கள் என்பதில் சந்தேகத்துக்கே இடமில்லை.

அதற்குப் பிறகு என் கணவர் ஆளே மாறிவிட்டார். போத்தல் மூடி ஒரு பக்கம், லேபல் ஒரு பக்கம். பால் பெட்டியைக் கழுவி, வெட்டி விரித்து, கொடியில் காயப்போட்டார். எங்கள் வீட்டுக் கொடியில் அவருடைய சாரத்துக்குப் பக்கத்தில் நாலு பால் பெட்டி காற்றாடும்.

மூதாட்டியும் சிநேகமாகிவிட்டார். ஒருநாள் தோட்டத்து முள்ளங்கியோடு வந்தவர், கைபேசியின் மொழிபெயர்ப்பு உதவியோடு, ஊரில் உங்கள் வீடு மாமனார் வீடா என்று கேட்டார். இல்லை, என் வாப்பா கட்டிய வீடு, இவர்தான் அங்கே வந்தவர் என்றேன். மூதாட்டி தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என் கணவரைப் பார்த்தார். தாயை இழந்த கன்றைப் பார்ப்பதுபோல. அங்கும் பெண் வீட்டுக்குப் போய் அந்தக் குடும்பப் பெயரையே எடுத்துக்கொள்ளும் மாப்பிள்ளைகள் உண்டு. ஆனால் அது ஊர் வழக்கமல்ல, ஆண் வாரிசில்லாத குடும்பங்களின் ஏற்பாடு. மூன்று சுண்டு தவிடு கையிலிருந்தால் அந்தப் பக்கம் போகாதே என்று பழமொழியே வைத்திருக்கிறார்கள்.

தவிட்டுக் கதை என் கணவரை உலுக்கிவிட்டது. இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் யார்ட்டிலிருந்து ஒரு வெளிச்சத்தோடு வந்தார். "புள்ள, சுசுகி முதலாளி ஆரெண்டு தெரியுமா? நம்மட ஆள்!" உண்மைதான். ஒசாமு சுசுகி பிறந்தது மட்சுதா குடும்பத்தில். 1958 இல் சுசுகி வீட்டில் பெண்ணெடுத்து, அந்தப் பெயரையே தன் பெயராக்கி, 1978 இல் தலைமைக்கு வந்து, நாற்பது வருடத்துக்கு மேல் கொம்பனியை நடத்தி, 2024 டிசம்பரில் 94 வயதில் காலமானார். "கல்முனையில ஓடுற அல்ட்டோ, வேகன் ஆர் எல்லாம் ஒரு வீட்டோட மாப்பிள்ளைட உழைப்பு."

"அவர் மாமனார்ட கொம்பனியப் பெருப்பிச்சார். நீங்க?"

"நான் குப்ப பிரிக்கிறன்."

கீழ்வீட்டுக்காரர்களுக்குப் பிறகு இடமாற்றம் வந்தது. போகும்போது சோபாவையும் அலுமாரியையும் எங்களுக்கே தந்துவிட்டார்கள். பெரிய சாமானை எறிவதற்குக் காசு கட்டி முத்திரை வாங்கி ஒட்ட வேண்டும் என்பதால் கடைசி வாரத்தில் அவர்களுடைய பாசம் கூடிக்கொண்டே போனது.

ஒருநாள் உம்மா வீடியோவில் வந்தார். எனக்குப் பின்னால் மருமகன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு குசினியில் நிற்பதைக் கண்டதும் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டார்.

"மருமகன் என்ன செய்றார்?"

"யோகட் கப் கழுவுறார் உம்மா."

"ஏன்கா, உனக்குக் கை இல்லையா?"

"குப்பையில போடத்தான் கழுவுறார்."

"குப்பையில போடுறத என்னத்துக்குக் கழுவுற?"

அவர் அப்போது கழுவிய கப்பை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். உம்மா குரலைத் தாழ்த்தினார். "புள்ள, இது ஜின்னுட வேலதான். லெப்பைக்கிட்டக் குடுத்துத் தண்ணி ஓதி ஒரு போத்தல்ல அனுப்புறன். மருமகனுக்குத் தெரியாம தேத்தண்ணில கலந்து குடு."

குசினிக்குள்ளிருந்து பதில் வந்தது. "அனுப்பச் சொல்லு. லேபலக் கழட்டிட்டு அனுப்பச் சொல்லு."