சர்வதேசம் மூன்றாவது மாடியில்

உள்நாட்டு ஆய்விதழிலா கட்டுரை போட்டீர்கள்? பதவி உயர்வுக் குழுவிடம் அதை நீட்டிவிடாதீர்கள் சார், சிரிப்பார்கள்.

சி.வி. ராமன் இன்று அந்தக் குழு முன்னால் வந்தால் தொலைந்தார். 1928 மார்ச்சில் தன் கண்டுபிடிப்பை அவர் விரிவாக எழுதியது, கல்கத்தாவில் தாமே தொடங்கிய ‘இண்டியன் ஜர்னல் ஆஃப் பிசிக்ஸ்’ இதழில். “சொந்தப் பத்திரிகையா? ஸ்கோபஸ் பட்டியலில் இருக்கிறதா?” என்று கேட்டுப் பூஜ்யம் போட்டுவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவார்கள். லண்டன் ‘நேச்சர்’ இதழுக்கும் குறிப்பு அனுப்பியிருந்தார், ஏதோ நாலு பாயின்ட் தேறும். 1930இல் நோபல் கொடுத்த ஸ்வீடன்காரர்களுக்கு நம் விதிமுறை தெரியாது, பாவம். ராமானுஜனின் முதல் கட்டுரை வந்ததும் 1911இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில்தான். அப்போது அவரிடம் பட்டமே இல்லை, விண்ணப்பமே செல்லாது.

ஆகவே ‘இன்டர்நேஷனல் ஜர்னல் ஆஃப்’ என்று ஆரம்பிக்கும் எதையாவது பிடியுங்கள். கீழே ஜெராக்ஸ் கடை, மூன்றாவது மாடியில் ஒற்றை அறை, அதுதான் சர்வதேசம். ராத்திரி அனுப்பினால் விடிவதற்குள் ஏற்புக் கடிதம். மதிப்பீட்டாளர் இருவரும் ஒரே எழுத்துப் பிழையோடு ‘மிக அருமை’ என்பார்கள். பணத்தை ஜிபேயில் தட்டிவிடலாம்.

2018 மே மாதம் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி, தான் அங்கீகரித்த பட்டியலிலிருந்து 4,305 இதழ்களைத் தூக்கியது. தூக்குமுன் வந்த கட்டுரைகளுக்குப் புள்ளி தரலாம் என்ற கருணையும் அதே அறிவிப்பில். சரக்கு போலி, ரசீது செல்லும்!

நிஜமான வெளிநாட்டு இதழ் வேண்டுமா? யாரும் இலவசமாகப் படிக்கும்படி ‘நேச்ச’ரில் வெளியிட 2020இல் அறிவித்த கட்டணம் 9,500 யூரோ. அன்றைக்கு எட்டு லட்சத்துக்கு மேல். ஆய்வுக்கு மக்கள் வரிப்பணம், எழுதுவது நாம், மதிப்பீடு செய்வதும் நம் பேராசிரியர்கள், அதுவும் கூலியில்லாமல். பிறகு அதையே படிக்க, ‘ஒரே நாடு ஒரே சந்தா’ என்று 2024 நவம்பரில் மத்திய அரசு ஒதுக்கியது மூன்றாண்டுக்கு 6,000 கோடி. ராமன் 1932இல் தொடங்க உதவிய ‘கரண்ட் சயின்ஸ்’ இன்றும் இணையத்தில் இலவசம். காசில்லாமல் கிடைப்பதற்கு இங்கே என்ன மரியாதை?

உள்நாட்டு இதழ்கள் எல்லாம் தங்கம் என்று சொல்லவில்லை. தூங்கி வழிகிறவையும் உண்டு. ஆனால் எது தங்கம், எது பித்தளை என்று உரசிப் பார்க்கத்தானே குழு?

குழுவில் அமரும் பெரியவர்களே, பட்டியலைப் பார்த்துப் புள்ளி போட ஒரு குமாஸ்தா போதும். கட்டுரையைத் திறந்து படிக்க மாட்டீர்கள் என்றால் உங்களுக்குக் காரும் பயணப்படியும் கெஸ்ட் ஹவுஸ் சாப்பாடும் எதற்கு?