பேரனுக்குத் தாத்தா பெயர்

"கிட்டார் ஆம்ப்புக்கு இஎல்34 பவர் டியூப் ஒரு ஜோடி வேணும்" என்றேன். அதற்கு ஒரு விலை, ஒரு தேதி, அவ்வளவுதானே பதில்? கடைக்காரத் தம்பி போனில், "எந்த டோன் சார் பாக்கறீங்க? முல்லார்ட்னா உருண்டையா, கதகதப்பா இருக்கும். டங்-சால் கொஞ்சம் கறார்" என்கிறான். எனக்கு இன்னும் ஆறவில்லை. இந்த வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடுகிறேன்.

முல்லார்ட் இங்கிலாந்துக் கம்பெனி. லங்காஷரில் பிளாக்பர்ன் ஆலையில் மலைமலையாக டியூப் செய்து குவித்தார்கள். டங்-சால் நியூ ஜெர்சிக்காரர்கள். இரண்டு பேரும் டியூப் செய்வதை விட்டு எத்தனையோ காலமாயிற்று. இன்று அந்தப் பெயர்களில் வரும் இஎல்34 பிறப்பது ரஷ்யாவில், வோல்கா கரையிலுள்ள சராத்தவ் நகரத்தில், ஒரே ஆலையில். சோவ்டெக், எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ், கோல்ட் லயன் பெட்டிகளுக்கும் அதுதான் பிறந்த வீடு. முதலாளி நியூயார்க்கின் மைக் மாத்யூஸ். நம்மிடம் பிக் மஃப் பெடல் விற்றவரேதான்.

பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பது நமக்கும் வழக்கம்தான். ஆனால் இங்கே ஒரு வயிற்றில் ஐந்து பிள்ளை பிறக்க, பாதிக்கு மேல் ஊரார் வீட்டுத் தாத்தா பெயர். ஒரு தாத்தா இங்கிலாந்து, ஒரு தாத்தா அமெரிக்கா, ஒருவரை ஒருவர் கல்யாணப் பந்தியில்கூடப் பார்த்ததில்லை. அவர்கள் போன பிறகு பெயரைக் காசு கொடுத்து வாங்கித் தொட்டிலில் சூட்டியாயிற்று. அதோடு விட்டார்களா? மூத்தவன் வாயைத் திறந்தால் தாத்தா குரலாம். நடுவுள்ளவனுக்குத் தாத்தாவின் முன்கோபமாம். கடைக்குட்டிக்கு மீசைகூட அப்படியே அரும்பியிருக்கிறதாம், அதனால் விலை கூடுதல். காதுகுத்துக்கு வந்த பெரியம்மாக்கள் மாதிரி நாமும் சுற்றி நின்று, "ஆமா, அதே மூக்கு!" என்கிறோம். தாத்தாவை நாம் நேரில் கேட்டதுண்டா? போட்டோவில் பார்த்தோம். 2022 மார்ச்சில் ரஷ்யா ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டதும் இங்கிலாந்துப் பேரனும் அமெரிக்கப் பேரனும் ஒரே வீட்டுக்குள் அடைபட்டார்கள். அப்போதாவது உறைத்திருக்க வேண்டும். எங்கே உறைத்தது? விலை ஏறுவதற்குள் ஆளுக்கு இரண்டு ஜோடி பதுக்கினோம்.

தகடும் கிரிட்டும் உள்ளே வேறு வேறு என்று நீங்கள் சண்டைக்கு வருவது தெரிகிறது. வேறுதான். பெட்டியை மறைத்துவிட்டு எது எதென்று சொல்லச் சொன்னால் மட்டும் நம் கோஷ்டியில் பாதிப் பேருக்கு அவசர வேலை வந்துவிடும்.

ஸ்லோவாக்கியாவின் ஜேஜே? அவர்கள் பாவம், சொந்தப் பெயரிலேயே விற்கிறார்கள். அதனாலேயே நமக்கு மரியாதை இல்லை.

அது கிடக்கட்டும். பவர் டியூப்பின் குணம் வெளியே வர ஆம்ப்பை ஏற்ற வேண்டும். 50 வாட் ஆம்ப்பை ஏற்றினால் மேல் மாடி மாமி இறங்கி வருவார். ஆகவே வால்யூம் இரண்டைத் தாண்டியதில்லை. அந்த இரண்டில் உருண்டை என்ன, கறார் என்ன! ஒரு ஸ்பீக்கரை மாற்றினால் கேட்கும் வித்தியாசத்தில் கால்வாசிகூடத் தேறாது. ஆனால் ஸ்பீக்கர் சிவந்து ஒளிர்வதில்லை, அதனால் அதைப் பற்றி ராத்திரி ஒரு மணி வரை யாரும் பேசுவதுமில்லை.

நமக்கு டியூப்பின் பயாஸ் கரண்ட்டைச் சரியாக வைத்துத் தரும் பெரியவர் இருக்கிறாரே, அவர் வேறு ரகம். ஆம்ப்பை அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் ஆளைத் தூக்கி அடிக்கும் வோல்டேஜ் நிற்கும் என்பதால் என்னைப் பக்கத்திலேயே விடமாட்டார். இஎல்34 தகடு தாங்குவது 25 வாட், அதில் 70 சதவீதம், 450 வோல்ட்டுக்குச் சுமார் 39 மில்லிஆம்பியர் என்று முணுமுணுத்தபடி மீட்டரைப் பார்ப்பார். இரண்டும் ஒத்து ஓடுகிறதா என்பது மட்டும்தான் அவர் கவலை. கண்ணாடியில் தங்க எழுத்தில் என்ன போட்டிருக்கிறது என்று ஒரு பார்வைகூடக் கிடையாது. பெயருக்காகவே கூடுதலாக அழுதிருக்கிறேன், மரியாதைக்காவது, "ஓ, முல்லார்டா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் என்ன குறைந்துவிடும் அந்த மனுஷனுக்கு?