சொந்தக் கேமரா உள்ளவர்களுக்கு முன்னுரிமை

"போட்டோகிராஃபர் தேவை. சொந்தக் கேமரா, லென்ஸ், பைக் உள்ளவர்களுக்கு முன்னுரிமை. அனுபவம் அவசியமில்லை. சம்பளம் நேரில் பேசிக்கொள்ளலாம்."

வாட்ஸ்அப் குரூப்புகளில் வருகிற விளம்பரம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். பையன் எதையெல்லாம் கொண்டுவர வேண்டும் என்பது எழுத்தில் இருக்கும். கடை என்ன தரும் என்பது மட்டும் வெட்கப்பட்டுக்கொண்டு நேரில் பேசக் காத்திருக்கும்.

மகாராஜபுரம் என்றதும் சங்கீதம் தெரிந்தவர்களுக்கு விஸ்வநாதய்யரும் சந்தானமும் ஞாபகம் வருவார்கள். அது தஞ்சாவூர்ப் பக்கத்து மகாராஜபுரம். நான் சொல்வது வத்திராயிருப்பை ஒட்டிய மகாராஜபுரம். சதுரகிரிக்குப் போகிறவர்கள் தாணிப்பாறையை நோக்கி வண்டியை விரட்டும்போது ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு மறந்துவிடுகிற ஊர். மகாராஜா பேரில் மட்டும்தான். தென்னந்தோப்பு உண்டு, வயல் உண்டு, ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் வேலை தேடி பஸ் ஏறுகிற பிள்ளைகள் நிறைய உண்டு. அவர்களில் கேமரா பைத்தியம் பிடித்த ஒருவன் இந்த விளம்பரத்தை நம்பிப் போனால் என்ன நடக்கும்? ஒரே கடையின் பேரத்தைச் சொன்னால் அந்தக் கடைக்காரர் சண்டைக்கு வருவார். ஆகவே பையன்கள் பல கடைகளில் கேட்டுவந்து புலம்பியதையெல்லாம் சேர்த்து ஒரே ஓனர் அண்ணனாக உருட்டி வைத்திருக்கிறேன். படிக்கும்போது யாருக்காவது நெஞ்சு குறுகுறுத்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

ஓனர் அண்ணன் நல்லவர். டீ சொல்வார். "தம்பி, இங்க நீ வேலைக்கு வரல. கத்துக்க வர்ற. இதே கோர்ஸ சென்னையில படிச்சா லட்சக்கணக்குல ஃபீஸ். நான் ஒரு பைசா வாங்கல பாரு" என்பார். வேலைக்குப் போன இடத்தில் ஃபீஸ் வாங்காமல் விட்டதற்காக நன்றி சொல்லிவிட்டுத் திரும்புகிற அதிசயத் தலைமுறை இது.

முதல் ஆறு மாதம் ட்ரெய்னிங், சம்பளம் கிடையாது, பேட்டா உண்டு. ஏழாம் மாதத்திலிருந்து "பார்த்துச் செய்வோம்". பார்ப்பவர் அவர், செய்பவன் இவன். பிளஸ் டூ மார்க் ஷீட் ஒரிஜினலைக் கடையில் கொடுத்துவைக்க வேண்டும், "பத்திரமா இருக்கும்" என்பதற்காக. இருபது வயதுப் பிள்ளையின் மார்க் ஷீட் அவன் வீட்டுப் பீரோவை விட ஸ்டுடியோவின் மேசை டிராயரில் பத்திரமாக இருக்குமாம்.

இதெல்லாம் கிடக்கட்டும். எனக்கு வயிறு எரிவது கேமரா விஷயத்தில்தான்.

ராஜபாளையம் பஞ்சாலை ஊர். தொழிலாளிகளை அந்த மில்கள் என்ன பாடு படுத்தின என்று தனியாக ஒரு புத்தகமே போடலாம். ஆனாலும், வேலைக்கு வருகிற பெண்ணிடம் "உன் கதிரை நீயே வாங்கி எடுத்துக்கொண்டு வா" என்று எந்த மில் முதலாளியும் கேட்டதில்லை. பக்கத்துச் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி ஓடுகிற தறிகளைப் போய்ப் பாருங்கள். தறி முதலாளியுடையது, ஓட்டுகிறவர் கையை வீசிக்கொண்டு வரலாம். எந்திரம் முதலாளிக்கு, உழைப்பு தொழிலாளிக்கு என்பதுதான் இரண்டு நூற்றாண்டாக உலகம் சண்டை போட்டுக்கொண்டிருக்கிற கணக்கு. மார்க்ஸ் தலையைப் பிய்த்துக்கொண்டதும் இந்தக் கணக்குக்குத்தான். ஓனர் அண்ணன் ஒரே வாட்ஸ்அப் மெசேஜில் அதைத் தீர்த்துவிட்டார்: எந்திரமும் உனது, உழைப்பும் உனது, லாபம் மட்டும் எனது.

அந்த எந்திரம் எப்படி வந்தது? அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போனது. போதாததற்கு மகளிர் குழுவில் கடன். விலையில் 18 சதவீதம் ஜி.எஸ்.டி.; 2018 டிசம்பர் வரை அதுவே 28 சதவீதம், குறைத்தார்களே என்று மகிழ்ந்துகொள்ள வேண்டியதுதான். கேமராவுக்கு ஆயுள் உண்டு. நடுத்தர விலைக் கேமராவின் ஷட்டருக்கு ஒரு லட்சத்திலிருந்து இரண்டு லட்சம் கிளிக் வரை என்று கம்பெனிகள் கணக்குச் சொல்கின்றன. ஒன்றரை லட்சம் என்று வைப்போம். பெண் அழைப்பு, ரிசப்ஷன், தாலி கட்டு, மறுவீடு எல்லாம் சேர்ந்தால் ஒரு கல்யாணத்துக்கு மூவாயிரம் கிளிக் சாதாரணமாகப் போகும். ஐம்பது கல்யாணத்தில் ஷட்டர் தன் கடமையை முடித்துக்கொள்ளும். ஓனர் அண்ணன் கேட்பது மூன்று வருஷம். பையனுக்கு முன்னால் கேமரா ரிட்டயர் ஆகிவிடும், அதற்கும் பென்ஷன் கிடையாது. பேட்டாவை ஒரு பக்கமும் ஷட்டர் தேய்மானம், பெட்ரோல், அடகு வட்டியை மறுபக்கமும் எழுதிப் பார்த்தால், மாதாமாதம் பையன்தான் கடைக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருப்பது தெரியும்.

முகூர்த்தமில்லாத மாதங்களில் அந்தப் பேட்டாவும் கிடையாது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் நடக்காதல்லவா? வேடிக்கை என்னவென்றால், ஸ்ரீவில்லிபுத்தூர் மூச்சுவிட நேரமில்லாமல் இருப்பது அந்த இரண்டு மாதங்களில்தான். ஆடிப்பூரத்துக்குத் தேர் ஓடும், மார்கழி முழுக்க ஆண்டாள் சந்நிதியில் கூட்டம், ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி மலையடிவாரம் கொள்ளாது. பையன் இங்கெல்லாம் வெயிலிலும் நெரிசலிலும் நின்று எடுப்பான். எடுத்த படம் கடையின் இன்ஸ்டாகிராமில் ஏறும், லைக் குவியும், அதைப் பார்த்துத் தை மாதத்துக்கு ஆர்டர் வரும். கூலி கேட்டால், "கோயில் காரியத்துக்குக் காசு கேக்கலாமா தம்பி? புண்ணியம்" என்பார். புண்ணியம் பையனுக்கு, ஆர்டர் அண்ணனுக்கு.

மூன்று வருஷம் என்றேனே, அதற்கு ஸ்டாம்ப் பேப்பர் உண்டு. நடுவில் விட்டால் அபராதம். விட்டபின் இந்தச் சுற்றுவட்டாரத்தில் கேமராவைத் தொடக்கூடாது. "மூன்று வருஷம் உழை, முடிவில் கல்யாணத்துக்கு மொத்தமாக ஒரு தொகை" என்று ஆசை காட்டி ஏழை வீட்டுப் பெண்களைப் பஞ்சாலை விடுதிகளுக்குள் அடைத்துவைத்த சுமங்கலித் திட்டத்தைத் தமிழ்நாடு அதற்குள் மறந்திருக்காது. அதன் ஆண்பால் இப்போது கேமராவோடு வந்திருக்கிறது. முடிவில் தொகை கிடையாது என்பது இதில் கூடுதல் சிறப்பு.

ஸ்டாம்ப் பேப்பரைக் கண்டு தம்பிமார் மிரள வேண்டாம். ஒருவர் சட்டப்படி செய்யக்கூடிய தொழிலைத் தடுக்கிற ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்று 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் 27-ஆவது பிரிவில் சொல்லிவிட்டது. வேலையை விட்டபின் ஒருவன் எங்கே படம் எடுக்கலாம் என்று தாலுகா எல்லை போட ஓனர் அண்ணன் தாசில்தார் இல்லை. அபராதம் என்று பத்து லட்சம் எழுதிக்கொண்டாலும் 74-ஆவது பிரிவின்படி நியாயமான இழப்பீட்டுக்கு மேல் கிடைக்காது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டத்துக்கு இருக்கிற இரக்கம் நம் அண்ணன்களுக்கு இல்லை.

அடுத்து, படம் யாருடையது? பையனைக் கேட்டால் "கடையுடையது" என்பான். கடையைக் கேட்டால் இன்னும் சத்தமாக "கடையுடையது" என்று வரும். மூலையில் கடைப் பெயரில் வாட்டர்மார்க், ஏதோ பிறப்புச் சான்றிதழ் போல. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் வேறு மாதிரிப் பேசுகிறது. படத்தை எடுத்தவரே அதன் ஆசிரியர் என்று தொடங்குகிறது. பிறகு 17-ஆவது பிரிவில், சம்பளத்துக்கு வேலை செய்யும்போதோ பயிற்சி ஒப்பந்தத்திலோ எடுத்த படம் முதலாளிக்குச் சேரும், காசு கொடுத்து எடுக்கச் சொன்னவர் இருந்தால், மாற்று ஒப்பந்தம் இல்லாதவரை, அவருக்குச் சேரும் என்கிறது. எழுத்தில் ஒன்றும் இல்லையென்றால் கல்யாணப் படத்துக்கு முதல் உரிமை கல்யாண வீட்டாருக்கு என்று அவர்கள் கேட்கலாம். மணப்பெண்ணைக் கேட்காமல் அவள் முகத்தைக் கடை வாசல் ஃபிளெக்ஸில் தொங்கவிடுகிற அண்ணன்கள் இந்த இடத்தை இரண்டு முறை படிக்க வேண்டும்.

இதில் எனக்குப் பிடித்த ஒரு சந்து இருக்கிறது. ட்ரெய்னிங் என்று சம்பளமே இல்லாமல் வைத்திருந்த ஆறு மாதத்தில், கடை விளம்பரத்துக்காகப் பையன் எடுத்த படங்கள் யாருடையவை? சம்பளம் இல்லை, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன வாடிக்கையாளரும் இல்லை. அதுவும் பயிற்சி ஒப்பந்தம்தான் என்று கடை சொல்லலாம், ஆனாலும் அவை பையனுடையவைதான் என்று வாதாட இடம் இருக்கிறது. மாதம் சில ஆயிரத்தை மிச்சம்பிடித்த கஞ்சத்தனம், அறுபது வருஷத்து உரிமையைப் பையன் கையில் தூக்கிக் கொடுத்திருக்கலாம். (எடுத்தவர் வாழும்வரை, அதற்கு மேலும் அறுபது வருஷம், 2012-இல் சட்டத்தைத் திருத்தியபோது புகைப்படத்துக்கும் அதையே வைத்தார்கள்.) உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டாலும் "இதை எடுத்தவன் நான்" என்று சொல்லிக்கொள்ளும் உரிமை 57-ஆவது பிரிவின்படி போகாது. அதைத்தான் கடை முதலில் பிடுங்குகிறது. "நம்ம வொர்க்க உன் பேஜ்ல போடாத தம்பி." மூன்று வருஷம் கழித்து அடுத்த கடையில் கேட்கும் முதல் கேள்வி: "போர்ட்ஃபோலியோ இருக்கா?"

ஸ்டுடியோ வேண்டாம், பத்திரிகை பக்கம் போகலாமா? அங்கேயும் ஆஃபர் உண்டு. அடையாள அட்டை தருவார்கள், பைக்குக்கு "பிரஸ்" ஸ்டிக்கர் தருவார்கள், படம் அச்சேறினால் ஏறிய படத்துக்கு ஏதோ தருவார்கள், தீபாவளி மலருக்கு விளம்பரம் பிடிக்கிற பொறுப்பையும் தருவார்கள். செய்திப் புகைப்படக்காரரை 1955-ஆம் ஆண்டுச் சட்டமே பணிபுரியும் பத்திரிகையாளர் பட்டியலில் பெயர் சொல்லிச் சேர்த்தது. அந்தப் பட்டியல் தாலுகா எல்லை தாண்டி உள்ளே வருவதற்குள் பகுதிநேரம் என்று இளைத்துப்போனது. 2013 மே மாதம் சிகாகோ சன்-டைம்ஸ் பத்திரிகை, புலிட்சர் பரிசு வாங்கியவர் உட்படத் தன் போட்டோகிராஃபர்கள் 28 பேரையும் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, நிருபர்களையே ஐபோனில் எடுக்கச் சொன்னது. உலகமே வாயில் அடித்துக்கொண்டது. நம் பக்கத்தில் அந்த அநியாயம் நடக்காது. வேலைக்கு எடுத்தால்தானே நீக்க முடியும்?

"கவர்மென்ட்ல போட்டோகிராஃபர் போஸ்ட் இருக்காடா?" என்று கேட்கிற தாய்மாமன் எல்லா வீட்டிலும் ஒருவர் உண்டு. இருந்தது மாமா. 1856-இல் சென்னை மாகாண அரசு லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவக் கேப்டனை அந்த வேலையில் அமர்த்தியது. 1858-இல் மதுரைக்கு வந்து மீனாட்சி கோயிலையும் திருமலை நாயக்கர் மகாலையும் படமெடுத்தார். அந்தப் படங்களை இன்று லண்டனிலும் நியூயார்க்கிலும் அருங்காட்சியகங்கள் பொன்னாகக் காக்கின்றன. 1859-இல் கவர்னராக வந்த சார்லஸ் ட்ரெவெல்யன், போட்டோ நம் நிதிநிலைக்கு ஒவ்வாத ஆடம்பரம் என்று முடிவுகட்டி அவர் கடையைச் சாத்தினார். படம் எடுப்பது செலவு, எடுத்தவன் சுமை, படம் மட்டும் பொக்கிஷம் என்ற நியாயத்தை ஓனர் அண்ணன் கண்டுபிடிக்கவில்லை. அது லாட் துரை விட்டுச்சென்ற சொத்து.

எதிர்த்துப் பேசினால் அண்ணனிடம் கடைசி அஸ்திரம் ஒன்று இருக்கிறது: "மதுரைப் பழனிகுமாரப் பாரு. அம்மா மீன் வித்தாங்க. இன்ஜினியரிங் படிச்சிட்டு, கடன் வாங்கிக் கேமரா வாங்கி, கஷ்டப்பட்டு மேல வரலையா?" வந்தார். 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தார், மலக்குழியில் செத்தவர்களின் வீடுகளுக்குக் கேமராவோடு போனார், 2022-இல் தயானிதா சிங்–பாரி விருது பெற்றார். உழைப்பவர்களைச் சுரண்டுகிறவர்களுக்கு எதிராகப் படம் எடுத்த ஒருவரின் கஷ்டத்தை, சுரண்டுவதற்கு ஆதாரமாகக் காட்டுகிற நெஞ்சழுத்தத்துக்குத் தனி விருது வைக்கலாம். அவர் கஷ்டப்பட்டார் என்றால் அந்தக் கஷ்டத்தைக் கொடுத்தவர்களுக்குத்தான் அது வெட்கம்.

அண்ணனை மட்டும் திட்டிவிட்டு நாம் நழுவ முடியாது. மண்டபத்துக்கும் மேடை அலங்காரத்துக்கும் லட்சங்களை எண்ணிக் கொடுத்துவிட்டு, ஆல்பத்தில் "ஒரு அஞ்சாயிரம் குறைச்சுக்கோங்க" என்று நிற்பது நாம்தான். அந்த ஐயாயிரம் அண்ணன் பையிலிருந்து போகாது. விடிகாலை நான்கு மணிக்கு வந்து நின்ற பையனைப் பார்த்து, "தம்பி, எல்லாரும் சாப்பிட்டதும் நீங்க உக்காருங்க" என்று சொல்வதும் நாம்தான். கடைசிப் பந்தியில் அப்பளம் தீர்ந்திருக்கும், பாயசம் தீர்ந்திருக்கும். நாம் மாலையோடு சாப்பிட்ட படம் மட்டும் முந்நூறு இருக்கும், எல்லாம் அவன் எடுத்தது.

பையன் யோசிக்கிறான். பக்கத்து வீட்டுக்காரர் "சேர்ந்துரு, சும்மா இருக்கிறதுக்கு அதுவாவது" என்கிறார். சேரட்டும். ஆனால் தேய்மானத்துக்கு வாடகை, மாதச் சம்பளம், விடுமுறை, படத்தில் பெயர், மார்க் ஷீட் வீட்டில் என்று ஐந்தையும் எழுத்தில் கேட்டுவிட்டுச் சேரட்டும். கேட்டிருக்கிறான். நேற்று ராத்திரி பதில் வந்தது.

"எழுத்தெல்லாம் எதுக்கு தம்பி, நாம என்ன அந்நியமா? நாளைக்குக் காலைல முகூர்த்தம், நாலு மணிக்கு வந்துரு. பேட்டரி நாலையும் வீட்லயே ஃபுல் சார்ஜ் போட்டு எடுத்துட்டு வா. கடையில கமர்ஷியல் கரண்ட். உங்க வீட்ல நூறு யூனிட் ஃப்ரீதானே?"